உடைய வேண்டிய கம்பி

அலமாரியில் இருக்கும் கிராலர் வண்டிக்கு எந்த அளவு கம்பி, எந்த ஸ்க்ரூ என்று கேட்டு இந்த மாதத்தில் மூன்று முறை போன் செய்துவிட்டீர்கள். அளவுகள் எல்லாம் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கின்றன. என் கையெழுத்து மோசம்தான், எண்களை மட்டும் தெளிவாக எழுதியிருக்கிறேன். நீங்கள் கேட்காத வேறொன்று இருக்கிறது. அதைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது பார்க்கும் அதே மெஷின் பிட்டர் வேலையைத்தான் அந்தச் சாயப்பட்டறையில் முப்பத்தொரு வருடம் பார்த்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. மத்தியானம் படுத்தால் தூக்கம் வருவதில்லை, கண்ணை மூடினால் மோட்டார் சத்தம் கேட்கிறது. வேலையை விட்டு வந்தால் அலுப்பு தீரும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை.

அந்த வண்டி எப்படி நம் பிரிவுக்கு வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. முதலாளியின் மருமகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தார். ஒரு முழத்துக்குச் சற்று மேல் நீளம், பெரிய ரப்பர் சக்கரம், ரிமோட்டில் ஓடும். வேகம் கிடையாது. பாறை மேல் ஆமை மாதிரி ஏறும், அதுதான் அதன் வேலை. மடத்துக்குளத்துத் தோட்டத்தில் கல் குவியல் மேல் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டினார். பிறகு சலித்துப்போய், "இதெ வச்சுக்கங்க, மோட்டார் கீட்டர் எதுக்காச்சும் ஆகும்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். இரண்டு வருடம் என் அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்தது.

அதை வெளியே எடுக்க வைத்தவர் ஜான்சி. நம்மிடம் துணி வாங்கும் பையர்கள் அனுப்பும் ஆடிட்டர்களுக்குப் பதில் சொல்லும் கம்ப்ளையன்ஸ் வேலையில் இருந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. பெருமாநல்லூருக்குப் பக்கத்தில் தோட்டத்து வேலை பார்க்கும் குடும்பம். தீயணைப்பு உருளையில் தேதி தாண்டிவிட்டதா, அவசர வழியில் துணி ரோலை அடுக்கியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடப்பார். அவரைக் கண்டால் சூப்பர்வைசர்கள் திரும்பி வேறு வழியில் போவார்கள். நானும் போயிருக்கிறேன்.

சாய ஹாலிலிருந்து கழிவுநீர்த் தொட்டிக்குப் போகும் கான்கிரீட் குழாய் உங்களுக்குத் தெரியும். இரண்டரை அடி அகலம், நூற்று முப்பது அடி நீளம். அது போட்ட பிறகு அதன் மேலேயே துணி குடோனைக் கட்டிவிட்டார்கள். நடுவில் ஒரு மேன்ஹோல் கூடக் கிடையாது. பஞ்சும் நூலும் சேறும் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு முறை அடைக்கும். முன்பெல்லாம் ஒரு ஆள் கயிறு கட்டிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து உள்ளே போவார். நான் சேர்ந்த புதிதில் நானே போயிருக்கிறேன்.

அந்த வருடம் எங்கோ ஓர் ஊரில் தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேர் உயிரோடு திரும்பவில்லை என்று செய்தி வந்தது. மறுநாள் ஜான்சி என் அறைக்கு வந்தார்.

"அண்ணா, மனுசன் போகாம கேமரா மட்டும் அந்தக் குழாய்க்குள்ள போக முடியுங்களா?"

"தள்ளிவிட ஆள் வேணுமுங்களே" என்றேன்.

அவர் பார்வை அலமாரிக்குப் போனது. கதவு திறந்திருந்தது. "அது என்னங்க, பொம்மையா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. வண்டியின் மேல் வயர் கேமராவும் ஒரு டார்ச்சும் கட்டினோம். பின்பக்கத்து பம்பரில் நைலான் கயிறு. ஐந்தடிக்கு ஒரு முடிச்சாகச் சிவப்புத் துணி, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிய. தொட்டிப் பக்கத்து வாயிலிருந்து மேல்நோக்கி ஓட்டினோம். அடைப்பு எங்கே, எதனால் என்று திரையில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ற கொக்கியோ தண்ணீர்ப் பீச்சோ அனுப்பலாம். ஆள் போக வேண்டாம்.

ஆனால் வண்டி ஒவ்வொரு முறையும் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தது. வண்டியின் உடலையும் சக்கரம் மாட்டிய ஆக்சிலையும் சேர்ப்பவை பென்சில் நீளக் கம்பிகள். லிங்க் என்பார்கள். கீழ்ப்பக்கம் இருக்கும் நான்கும் தரையை ஒட்டித் தொங்குவதால் எது இடித்தாலும் முதல் அடி அவற்றுக்குத்தான். கம்பெனி போட்டிருந்தவை பிளாஸ்டிக். குழாய் இணைப்புகளில் துருத்தி நிற்கும் சிமென்ட் கட்டியில் மாட்டி, நுனியில் இருக்கும் குண்டு கழன்றுவிடும். ஒரு சக்கரம் கோணிக்கொள்ளும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் வண்டி செத்த எலி மாதிரி வரும். நான் குண்டை மாட்டி மறுபடி அனுப்புவேன். இப்படி நான்கு முறை ஆனதும் எனக்கு எரிச்சல் வந்தது. முப்பது வருடம் மெஷின் பார்த்தவனுக்கு ஒரு பொம்மை அடங்க மாட்டேன் என்கிறது.

அலுமினியத்தில் செய்து போட்டேன். உடையவில்லை, வளைந்தது. கட்டிகளில் உரசி உரசிக் கம்பியில் பள்ளம் விழுந்தது, ஒவ்வொரு பள்ளமும் அடுத்த கட்டியைப் பிடித்துக்கொண்டது. மண்ணரைப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்காரர் இருந்தார். அவர் பெயரை நான் கேட்டதில்லை, அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. அவரிடம் போய், துருப்பிடிக்காத ஸ்டீலில் கம்பியும் நுனிக் குண்டும் கெட்டியான போல்ட்டும் வேண்டும் என்றேன். அவர் அலுமினியக் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு மேல ஒரு டியூப்பைச் சொருகுங்க. நம்ம ஏர் லைனுக்குப் போடுற நீல டியூப். வழுக்கிட்டுப் போயிரும், கட்டி பிடிக்காது."

அது நல்ல யோசனை. அதை உடனே எடுத்துக்கொண்டேன். அவர் இன்னொன்றும் சொன்னார்.

"ஸ்டீலு எதுக்குங்க? இது உடையறது நல்லதுதானுங்களே. இது உடையலீன்னா வேற ஏதோ ஒண்ணு உடையுமுங்க. அது எதுன்னு பாத்தீங்களா?"

"இனி எதுவுமே உடையக் கூடாதுங்க" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தார். ஸ்டீல் கம்பிகள் அழகாக வந்தன. நீல டியூப்பைச் சொருகி மாட்டியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு முறை ஓட்டினோம், ஒரு பழுதும் இல்லை. ஜான்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆடிட்டருக்குக் காட்டப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது முறைதான் நான் சொல்ல வந்தது.

அன்று குழாய் முழுதாக அடைத்து இரண்டாவது நாள். சாய ஹாலில் கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் நின்றது. எல்லா மெஷினும் நிறுத்தியாகிவிட்டது. ஆர்டர் கண்டெய்னர் ஏறும் நாள் நெருங்கிவிட்டது. ஜி.எம். காதிலிருந்து போன் இறங்கவே இல்லை. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாள் காலை போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு நின்றார்.

காலை பத்து மணிக்கு வண்டியை உள்ளே விட்டேன். எழுபது அடி தாண்டியதும் திரையில் அடைப்பு தெரிந்தது. துணித் துண்டுகளும் பஞ்சும் இறுகி ஒரு சுவர் மாதிரி. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டினேன். வண்டி நின்றது. முன்னால் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. குழாய் இணைப்பிலிருந்து ஒரு இரும்புக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது வண்டியின் கீழ் லிங்குக்கும் உடலுக்கும் நடுவில் நுழைந்து கொக்கி மாதிரி பிடித்துக்கொண்டது.

பழைய பிளாஸ்டிக் லிங்காக இருந்தால் ஒரு இழுப்பில் உடைந்து வண்டி விடுபட்டிருக்கும். ஸ்டீல் உடையவில்லை. நானும் இன்னொருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். இன்னும் பலமாக இழுத்தோம். சட்டென்று கயிறு லேசானது. திரை இருண்டது. கயிறு கைக்கு வந்து சேர்ந்தபோது அதன் நுனியில் பம்பர் மட்டும் இருந்தது. பின்னாலேயே அறுந்த கேமரா வயர்.

பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் என் கையில் கிடந்தது. உடைந்தது கயிறு கட்டிய இடம்.

ஜி.எம். அருகில் வந்து பம்பரைப் பார்த்தார். "இப்ப உள்ள அடைப்பும் இருக்குது, உங்க வண்டியும் இருக்குது. அப்படித்தானுங்க?"

"ஆமாங்க."

"எவ்வளவு தூரம்?"

"எழுபத்திரண்டு அடிங்க."

"ஒரு ஆளு போனா பத்து நிமிசம். புளோயர் போட்டு அரை மணி நேரம் காத்து விடுங்க. முன்ன எல்லாம் போய்ட்டுத்தானே இருந்தோம். நீங்க போனதில்லீங்களா?"

போயிருக்கிறேன் என்றேன். அது உண்மைதான். அந்த இடத்தில் அந்த உண்மை செய்த வேலை வேறு.

ராமேஷ்வர் முன்னால் வந்தார். பீகார்க்காரர், நாற்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. மண்ணரையில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தார். ஏழெட்டு வருடமாக நம் பிரிவில்தான் இருந்தார். "நான் போறேன் அண்ணா" என்றார். "நான் சின்ன உடம்பு. வண்டி எடுத்து வர்றேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த இடத்தை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். என்னை யாரும் மிரட்டவில்லை. யோசிக்க நேரமே இல்லை என்றும் சொல்ல முடியாது, புளோயர் ஓடிய அரை மணி நேரம் முழுவதும் நான் அங்கேயேதான் நின்றேன். ஆனால் என் மனதில் இருந்தது ஒன்றுதான். மாட்டிக்கொண்டிருப்பது என் வண்டி, நான் போட்ட கம்பி. அதை யாராவது சீக்கிரம் வெளியே எடுத்துவிட்டால் இந்த அசிங்கம் முடிந்துவிடும். புளோயர் நின்றதும் தொட்டி வாயில் மெழுகுவர்த்தி பிடித்துப் பார்த்தோம், அணையவில்லை. ராமேஷ்வர் சட்டையைக் கழற்றினார். நான் அவர் இடுப்பில் கயிறு கட்டினேன்.

ஜான்சி அப்போதுதான் வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. ஜி.எம்.மிடம் போய்ச் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேச்சு ஜி.எம்.மிடம் எடுபடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"அந்த முடிச்சு நீங்க போட்டதுங்களா அண்ணா?"

"ஆமா."

"அதெ அவுத்துவிடுங்க."

குரலை உயர்த்தவில்லை. ஏதோ பில்லில் கையெழுத்துப் போடச் சொல்வது மாதிரி சொன்னார். நான் ஜி.எம். முகத்தைப் பார்த்தேன். அவர் போனில் யாரிடமோ "இப்ப ஆயிருமுங்க, இப்ப ஆயிருமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மெழுகுவத்தி அணையலீங்க" என்றேன் ஜான்சியிடம்.

"எழுவத்திரண்டாவது அடியிலயும் புடிச்சுப் பாத்தீங்களா?"

 முடிச்சை அவிழ்க்கக் குனிந்தேன்.  ராமேஷ்வர் என் கையைத் தட்டிவிடப் பார்த்தார். "என்ன அண்ணா, நான் பயப்படல. ஏன்?" என்றார். அவருக்கு அவமானமாகிவிட்டது. நான் அவரைப் பார்க்காமல் அவிழ்த்தேன்.

ஜி.எம். போனை இறக்கினார். "என்னங்க பண்றீங்க?"

"ஆள் போக வேண்டாமுங்க. குடோன் தரையை உடைச்சு மேலிருந்து எடுத்துக்கலாம். எழுபத்திரண்டு அடின்னு கணக்கு இருக்குது, இடம் தவறாது."

"குடோன்ல துணி ரோல் எத்தனை அடுக்கியிருக்குதுன்னு தெரியுமா? அதெ எடுத்து, தரையை உடைச்சு, நாளைக்கும் மெஷின் ஓடாது. முதலாளிக்கு நான் என்னன்னு சொல்றதுங்க?"

"பிட்டர் தப்பான கம்பி போட்டு வண்டியை மாட்ட வச்சுட்டான்னு சொல்லுங்க. நானே வந்து சொல்றேங்க."

 அவர் வேண்டாம் என்று சொல்லாமல் அலுவலகத்துக்கு நடந்தார். அதை அனுமதி என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கத் தெம்பு இல்லை.

துணி ரோல்களை நகர்த்தவே மாலை வரை ஆகிவிட்டது. மறுநாள் காலை தரையை உடைத்தோம். குழாயின் மேல்பக்கத்தை வெட்டி, தலை நுழையும் அளவுக்குத் துளை போட்டதும் உள்ளிருந்து ஒரு வாடை வந்தது. கடப்பாரை பிடித்த இருவரும் பின்வாங்கிச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் வாந்தி எடுத்தார். அது மேலே, குடோனின் இரண்டு பெரிய கதவுகளும் திறந்து கிடந்த இடத்தில். அதன் பிறகு முகத்தை அருகில் கொண்டுபோகாமல் நீளக் கொக்கிக் கம்பியை உள்ளே விட்டு அந்தத் துணிச் சுவரை இழுத்தோம். நாலாவது இழுப்பில் அது பிய்ந்தது.

எங்களில் ஒருவரும் எதிர்பார்க்காதது அப்போதுதான் நடந்தது. அடைப்புக்கு அந்தப் பக்கம் ஐம்பத்தெட்டு அடிக் குழாய் நிறைய தண்ணீர். அதற்குப் பின்னால் சாய ஹால் முழுக்கத் தேங்கி நின்ற தண்ணீர். எல்லாம் ஒரே நேரத்தில் புறப்பட்டது. காலடியில் தரை அதிர்ந்தது. தொட்டிப் பக்கத்தில் நின்றவர்களின் கூச்சல் கேட்டு ஓடினோம். குழாய் வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் பாய்ந்து எதிர்ச் சுவரில் போய் மோதிக்கொண்டிருந்தது. இரண்டரை அடிக் குழாய்க்குள் படுத்துக்கொண்டு, முகத்தை அந்த அடைப்புக்கு நேராக வைத்துக்கொண்டு ஒருவர் வண்டியை அசைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் எல்லாரும் வாயுவைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம். முப்பது வருட அனுபவம் இருந்தும் எனக்குத் தண்ணீர் தோன்றவில்லை. ஜான்சிக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்தது, தெரியாத இடத்துக்கு ஆளை அனுப்பக் கூடாது என்பது மட்டும்தான். அது போதுமாக இருந்தது.

ராமேஷ்வர் தொட்டி விளிம்பில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜி.எம்.மும் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு உடனே அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார். ஆனால் முதலாளி கூப்பிட்டு விசாரித்தபோது, தரையை உடைக்கச் சொன்னது தான்தான் என்று அவர் சொல்லியிருந்தார். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வண்டி இரும்புக் கம்பியில் தொங்கியபடி கிடந்தது. மோட்டார் போயிருந்தது, கியர் பெட்டி பிளந்திருந்தது. அந்த ஸ்டீல் லிங்கில் ஒரு கோடு கூட விழவில்லை. நீல டியூப்பில் மட்டும் கொஞ்சம் தேய்மானம். 

இப்போது அலமாரியில் இருப்பது அதே வண்டிதான், உள்ளுறுப்புகள் புதியவை. கீழ் லிங்க் நான்கிலும் நீல டியூப் போட்டிருக்கிறேன், தேய்ந்தால் மாற்றுங்கள். நுனியில் பிளாஸ்டிக் குண்டைத்தான் போட வேண்டும். அது கழன்றுகொள்வதற்காகவே இருக்கிறது. கயிறு பம்பரில் அல்ல, பின் ஆக்சிலைச் சுற்றி. வண்டியில் எல்லாம் உடைந்து போனாலும் கடைசி வரை நிற்க வேண்டியது கயிறு. குண்டு அடிக்கடி கழல்கிறதே, ஸ்டீல் போட்டுவிடலாமே என்று உங்களுக்கும் ஒரு நாள் எரிச்சல் வரும். வந்தால் இதை எடுத்துப் படியுங்கள்.

இதோடு முடித்திருந்தால் வெறும் கம்பியின் கதையாகப் போயிருக்கும்.

ராமேஷ்வர் அதன்பின் இரண்டு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. எல்லார் முன்னாலும் கயிற்றை அவிழ்த்தது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது போல. ஒரு நாள் டீ இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிளாஸைக் காலி செய்து கீழே வைத்தார்.

"அண்ணா, அன்னிக்கு எனக்கும் பயம் இருந்தது" என்றார். "பொய் சொன்னேன்."

"அப்புறம் எதுக்குப் போறேன்னீங்க?"

"நீங்க கயிறு கட்டினீங்க. கட்டி, ரெண்டு தடவ இழுத்துப் பாத்தீங்க. நல்லா பலமா. அதைப் பாத்து பயம் போச்சு. அண்ணா இவ்வளவு பாக்கறாரு, ஒண்ணும் ஆகாதுன்னு."

நான் டீயைக் குடித்தேன். இன்னொரு கிளாஸ் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் சரி என்றார். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ பேசினோம்.

நான் இழுத்துப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. எதற்காக இழுத்தேன் என்பதும் நினைவிருக்கிறது. அதற்குச் சற்று முன்னால்தான் ஒரு கயிறு பம்பரோடு பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. உள்ளே அசைவில்லாமல் கிடக்கும் ஒரு ஆளை எழுபத்திரண்டு அடி இழுத்து வர வேண்டியிருந்தால் இந்த முடிச்சு தாங்குமா என்றுதான் பார்த்தேன். அவர் கண்ணுக்கு அது அக்கறையாகத் தெரிந்திருக்கிறது. அவர் ஊருக்குத் திரும்பிப் போகும்வரை இதை நான் அவரிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் கையிலும் ஒரு நாள் யாராவது கயிற்றைக் கொடுப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.